பத்திரிகைக்குப் படியளப்பவர் யார்?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசியல் இப்பொழுது நம் வீட்டுத் திண்ணைப் பேச்சாகிவிட்டது. பேத்தமங்களாவிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் பெங்களூரில் இருந்துகொண்டே அந்நாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை செய்கின்றனர். சிலர் அங்கேயே குடியேறியும் விட்டனர். ஆதலால் அங்கே ஆள்பவர் யார், எதிர்ப்பவர் யார், பத்திரிகைகள் எப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்பவை நமக்கும் வேண்டிய செய்திகளே. சென்ற சில மாதங்களாக அன்பர்கள் பலர் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களால் நம்மிடம் கேட்டு வருகின்றனர். அத்துணைப் பத்திரிகைகளும் வானொலிகளும் தொலைக்காட்சிகளும் நிறைந்த நாட்டில், எளியவர் பக்கம் நின்று பேசும் முற்போக்கு எதிர்ப்பணியின் குரல் ஏன் இத்துணை மெலிந்து கேட்கிறது என்பதே அது.

இதற்கு விடை காண வாஷிங்டன் நகரம் வரை போகவேண்டிய தேவையில்லை என்பது நம் கருத்து. மாரிக்குப்பம் வரை போய்வந்தால் போதும். பிறகு அமெரிக்காவைப் பார்ப்போமானால் காட்சி தெளிவாகத் தெரியும்.

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு வார ஏடு புறப்பட்டது. அதன் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயராக அமைந்த பத்திரிகை அது. ஒரு பைசா என்பது காலணா. நடத்தியவர் பண்டிதர் அயோத்திதாசர்; தொழிலால் சித்த மருத்துவர், சமயத்தால் பௌத்தர். ஓராண்டு கழிந்தபின் 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. அவர் 1914ஆம் ஆண்டு மே மாதம் மறையும் வரை அதனை விடாது நடத்தினார்.

அச்சானது இராயப்பேட்டையில் என்றாலும், அப்பத்திரிகைக்கு உயிர்த்தண்ணீர் வார்த்த ஊர்களுள் முதல் வரிசையில் நின்றது நம் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நிலமற்றவராய் வந்து, ஜான் டெய்லர் கம்பெனியாரின் சுரங்கங்களில் இறங்கிய நம் முன்னோர்களே அதன் வாசகர்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டவர்களும் அவர்களே. கிராமத்தில் பண்ணையாள் கையில் காசைக் காண்பது அரிது. தங்கவயலிலோ கூலி காசாகக் கிடைத்தது. அந்தக் காசில் ஒரு பைசாவைத் தனக்கென ஒரு பத்திரிகைக்கு ஒதுக்கினான் சுரங்கத் தொழிலாளி. இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் குடியேறியிருந்த தமிழரும் அவ்வாறே சந்தா அனுப்பினர். ஊரைவிட்டு வந்த குடும்பங்களின் பணத்தில் ஊருக்கு ஒரு பத்திரிகை நடந்தது என்பதை நம் சங்கத்தார் கருத்தில் கொள்ளவேண்டும்.

அக்காலத்தில் தமிழில் பத்திரிகைக்குப் பஞ்சமா என்று சிலர் கேட்கலாம். இல்லை. 'சுதேசமித்திரன்' 1882 முதல் வந்துகொண்டிருந்தது. 1905க்குப் பின் வங்காளத்திலிருந்து பரவிய சுதேசி இயக்கத்தின் வேகத்தில் வேறு பல ஏடுகளும் வெள்ளையர் ஆட்சியைக் கண்டித்து எழுதின. அவை எதிர்க்கட்சிப் பத்திரிகைகள்தாம், அதில் ஐயமில்லை. ஆனால் ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் எடுக்க விடப்படாதவனுடைய வழக்கு அவற்றில் எந்தப் பக்கத்தில் அச்சாயிற்று? பெரும்பாலும் எந்தப் பக்கத்திலும் இல்லை. 'தமிழன்' அந்த இடத்தில்தான் நின்றது. சக மனிதனைத் தீண்டமாட்டோம் என்பவர்கள் சுதேசியம் பேசுவது பொருந்துமா என்று அது வாரந்தோறும் கேட்டது. 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு நெருங்கியபோது, பிறர் சூட்டிய இழிபெயரில் பதிவு செய்துகொள்ளாமல் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று நிற்கும்படி வற்புறுத்தியது. ஆட்சியை எதிர்ப்பவர்களையும் எதிர்த்துக் கேள்வி கேட்க ஓர் ஏடு வேண்டியிருந்தது. அதனை அவர்கள் வேறொருவர் தயவில் எதிர்பார்க்கவில்லை.

பத்திரிகை நடத்துவது எளிய காரியமும் அன்று. மைசூர்ச் சமஸ்தானத்தில் 1908ஆம் ஆண்டு வந்த சட்டப்படி அரசாங்கத்தின் அனுமதியின்றிப் பத்திரிகை நடத்த இயலாது. அச்சட்டத்தைக் கண்டித்து மைசூரின் புகழ்பெற்ற பத்திரிகையாளர் வேங்கடகிருஷ்ணையா தம் ஏடுகளையே நிறுத்திவிட்டார். ஆங்கில இந்தியாவிலோ 1910ஆம் ஆண்டு அச்சுச் சட்டம் ஜாமீன் தொகை கேட்டது. எழுதியது அரசாங்கத்துக்குப் பிடிக்காவிட்டால் கட்டிய தொகை பறிபோகும். ஏழைப் பத்திரிகையின் கழுத்தில் எங்கே கை வைக்கவேண்டும் என்பது வெள்ளைக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இவற்றுக்கெல்லாம் இடையில், 1926ஆம் ஆண்டு 'தமிழன்' மறுபடியும் தலைதூக்கியது. இம்முறை நம் தங்கவயலிலிருந்தே. பண்டிதமணி ஜி. அப்பாதுரையார் ஆசிரியர். அவர் சுயமரியாதை இயக்கத்துக்கும் துணை நின்றவர். தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களையும் அச்சிட்டு வழங்கியது. சுரங்கத்தினின்று மேலேறி வந்து, தூசி படிந்த முகத்தைக் கழுவிக்கொண்டு, லயன் வீட்டு வாசலில் எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க நால்வர் கேட்டிருப்பர் என்று கொள்வது மிகையாகாது. அக்காலத்தில் எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் வாங்கியவர் ஒருவரோடு நின்றதில்லை.

இவ்வாறு வளர்ந்த வாசகர்கள் என்ன செய்தார்கள்? 1930ஆம் ஆண்டு கம்பெனியார் தொழிலாளர்களின் விரலடையாளத்தைப் பதிவு செய்ய முற்பட்டனர். அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம் ஒன்றுகூட இல்லாத காலம் அது. ஏறத்தாழப் பதினெண்ணாயிரம் பேர் வேலைக்கு இறங்க மறுத்து மூன்று வாரங்கள் நின்றனர். இதனைப் பத்திரிகை ஒன்றே செய்தது என்று நாம் சொல்லவரவில்லை. பசியும் அவமானமும் எழுத்தில்லாமலே பேசக்கூடியவை. எனினும், தன்னைப்பற்றித் தானே எழுதிப் படித்துப் பழகிய ஊர், பிறர் தன் கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்த வரும்போது சும்மா இருக்காது. பின்னர் 1946ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் போலீசார் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் மாண்டனர். சுதந்திரத்திற்குப் பின் நடந்த தேர்தல்களில் கம்யூனிஸ்டுகளையும் குடியரசுக் கட்சியினரையும் அண்ணா தி.மு.க.வினரையும் இவ்வூர் சட்டமன்றத்துக்கு அனுப்பிற்று. ஆளும் கட்சிக்கு இணங்கிப் போகும் வழக்கம் தங்கவயலுக்கு எளிதில் வந்ததில்லை.

இனி அமெரிக்காவுக்குக் கப்பலேறுவோம்.

அங்கும் கதை இவ்வாறே தொடங்குகிறது. அடிமை முறையை எதிர்த்து வெள்ளையரான காரிசன் என்பவர் 1831 முதல் 'விடுதலையாளன்' என்று பொருள்படும் ஏட்டை நடத்தி வந்தார். நல்லவர், அஞ்சாதவர். ஆயினும் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், அந்த நண்பரின் சொல்லையும் மீறி, 1847ஆம் ஆண்டு டிசம்பரில் 'வட நட்சத்திரம்' என்ற தம் சொந்தப் பத்திரிகையைத் தொடங்கினார். நமக்காக நல்லவர் ஒருவர் எழுதும்போது நாமும் ஏன் எழுதவேண்டும் என்று கேட்டவர்களுக்கு அந்த ஏடே விடை. 1920ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் 'மூக்நாயக்' ஏட்டை அம்பேத்கர் தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான். காசு கொடுத்தும் அவ்வேட்டின் விளம்பரத்தைத் திலகரின் 'கேசரி' வெளியிடவில்லை என்பது பலரும் அறிந்த செய்தி.

நம்மவர் கதையோடு மிக நெருங்கி நிற்பது 'சிகாகோ டிபெண்டர்' என்னும் பத்திரிகை. 1905ஆம் ஆண்டு மே மாதம் இராபர்ட் அப்பாட் என்ற கறுப்பின இளைஞர் இருபத்தைந்து சென்டு முதலோடு முந்நூறு பிரதிகள் அச்சிட்டுத் தொடங்கியது அது. தென்மாநிலங்களில் கறுப்பர்களை மரத்தில் தூக்கிலிட்டுக் கொல்லும் கொடுமை நடந்துகொண்டிருந்தது. அங்குள்ள பத்திரிகைகள் அதனை மறைத்தன, அல்லது நியாயப்படுத்தின. மெம்பிஸ் நகரில் ஐடா வெல்ஸ் என்ற அம்மையார் உண்மையை எழுதியதற்காக 1892ஆம் ஆண்டு அவருடைய பத்திரிகை அலுவலகத்தையே ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. இந்நிலையில் 'டிபெண்டர்' தெற்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது? தூங்கும் வண்டிகளில் பணிசெய்த கறுப்பின ரயில் ஊழியர்கள் கட்டுக்கட்டாக மறைத்து எடுத்துச் சென்று வழியிலுள்ள ஊர்களில் இறக்கினர். ஒரு பிரதியை நாலைந்து பேர் படித்தனர். முடிதிருத்தும் கடையிலும் கோயிலிலும் உரக்கப் படித்தனர். வடக்கே வேலை உண்டு, வாருங்கள் என்று அது எழுதியதைப் படித்தே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்டி ரயிலேறின. இதைப் படிக்கும்போது பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் நம் ரயில் பாதை நினைவுக்கு வராமல் இருக்குமா? அந்த 'டிபெண்டர்' 2019ஆம் ஆண்டு ஜூலையில் அச்சில் வருவதை நிறுத்திக்கொண்டது.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். ஐ. எப். ஸ்டோன் என்ற பத்திரிகையாளருக்கு, 1950களில் செனட்டர் மெக்கார்த்தி கிளப்பிய கம்யூனிஸ்டு வேட்டையின்போது, பெரிய பத்திரிகைகளில் வேலை கிடைக்கவில்லை. அவர் 1953ஆம் ஆண்டு நாலே பக்கத்தில் ஒரு வார ஏட்டைத் தம் வீட்டிலிருந்தே தொடங்கினார். ஆண்டுச் சந்தா ஐந்து டாலர், விளம்பரம் கிடையாது, முதலில் சேர்ந்தவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம் பேர். மந்திரிகளோடு விருந்துண்டு இரகசியம் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அரசாங்கம் அச்சிட்டுப் போடும் அறிக்கைகளை, எவரும் படிக்காதவற்றை, வரி விடாமல் படித்தார். 1957ஆம் ஆண்டு நெவாடாவில் நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடந்தது. அதன் அதிர்வு இருநூறு மைலுக்கு அப்பால் தெரியாது என்று அணுசக்தி ஆணையம் கூறியது. அப்படியானால் அச்சோதனைகளைத் தடைசெய்தாலும் கண்காணிக்க முடியாது என்று வாதிடலாம் அல்லவா? ஸ்டோன் நிலநடுக்கம் பதிவு செய்யும் அரசாங்க அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேட்டார். ஈராயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள அலாஸ்காவிலேயே அந்த அதிர்வு பதிவாகியிருந்தது. ஆணையம் தன் அறிக்கையைத் திருத்திக்கொண்டது. பாறைவெடிப்பை அளக்க நிலநடுக்கமானி வைத்திருந்த சுரங்க ஊரில் வாழ்ந்த நமக்கு, பூமியின் அதிர்வு எத்துணைத் தொலைவு ஓடும் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஏடு 1971இல் நிறுத்தப்பட்டபோது சந்தாதாரர் எழுபதாயிரம் பேர் இருந்தனர்.

இவ்வளவு நல்ல மரபு இருந்தும் இன்று அங்கே என்ன குறை? நம் கணிப்பில், அந்நாட்டு முற்போக்கு அணியினர் தங்கள் வழக்கைத் தங்கள் ஏட்டில் எழுதுவதைவிட, பெருமுதலாளிகளின் பத்திரிகைகள் நியாயமாக எழுதும் என்று நம்பியிருந்ததே பெருங்குறை. 1949 முதல் வானொலியும் தொலைக்காட்சியும் சர்ச்சைக்குரிய பொருள்களில் இருதரப்பையும் கூறவேண்டும் என்றொரு விதி இருந்தது. 1987இல் அதனை எடுத்துவிட்டார்கள். அதன்பின் வானொலியில் நாள் முழுதும் ஒரு தரப்பையே முழங்குவது ஒரு பெரு வாணிகமாயிற்று. 2003ஆம் ஆண்டு ஈராக்கின்மேல் படையெடுத்தபோது, அங்கே பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அரசாங்கம் சொன்னதைப் பெயர்பெற்ற பத்திரிகைகளும் நம்பி எழுதின. 'நியூயார்க் டைம்ஸ்' 2004ஆம் ஆண்டு மே மாதம், தன் செய்திகள் போதிய கண்டிப்போடு எழுதப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. 'நைட் ரிடர்' என்ற நிறுவனத்தின் செய்தியாளர்கள் தொடக்கத்திலேயே ஐயம் எழுப்பி எழுதினர். அவர்கள் எழுதியது சரியே. ஆனால் அந்நிறுவனத்துக்குத் தலைநகரில் சொந்தப் பத்திரிகை இல்லை. உண்மை வெளியூரில் அச்சாகி வெளியூரிலேயே நின்றுவிட்டது.

2024ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்தது இதனை இன்னும் பளிச்செனக் காட்டும். 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையை 2013இல் அமேசான் முதலாளி ஜெப் பெசோஸ் இருபத்தைந்து கோடி டாலருக்கு வாங்கினார். அதிபர் தேர்தலுக்குப் பதினொரு நாள் இருக்கையில், ஆசிரியர் குழு கமலா ஹாரிசை ஆதரித்து எழுதி வைத்திருந்த தலையங்கம் வெளிவராது, இனி எவரையும் ஆதரிப்பதில்லை என்று அறிவிப்பு வந்தது. முடிவு முதலாளியுடையது. பத்திரிகை எவரையும் ஆதரிக்காதிருப்பதே நல்லது என்பாரும் உளர். நாமும் அவ்வாதத்தை முற்றிலும் தள்ளிவிடோம். ஆனால் தேர்தல் வாசலில் நின்றுகொண்டு அந்த ஞானம் பிறந்ததுதான் வியப்பு. சினங்கொண்ட வாசகர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சந்தாவை நிறுத்தினர். சந்தாவை நிறுத்தினால் முதலாளிக்கு என்ன நட்டம்? அவர் செல்வத்தில் அது ஒரு துளி. நட்டம் செய்தியாளர்களுக்கே. படியளப்பவன் வாசகனாக இருந்தால் அவன் கோபத்துக்குப் பொருளுண்டு; வேறொருவன் படியளக்கும்போது அக்கோபம் வேலைக்காரன்மேல் விழுந்து தீர்கிறது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் ஜாமீன் தொகை செய்த காரியத்தை இன்று உடைமை செய்கிறது எனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 1933ஆம் ஆண்டு அக்டோபரில் ஆட்சி முறையைக் கண்டித்துக் 'குடிஅரசு' எழுதிய தலையங்கத்துக்காகப் பெரியார் ஈ.வெ.ராவும், ஏட்டை வெளியிட்ட அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை சென்றனர். ஆயினும் எழுத்து நின்றுவிடவில்லை; 'புரட்சி' என்றும் 'பகுத்தறிவு' என்றும் வேறு பெயர்களில் வந்துகொண்டிருந்தது. சிறையில் போட்டாலும் பத்திரிகை அவர்களுடையதாகவே இருந்தது. அதே சமயம், நம்மவர் கட்சி ஏடுகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாவிட்டால் நடுநிலையாகாது. எதிர்க்கட்சியாக இருந்த நாளில் சாணை பிடித்த கத்தி போல் இருந்த ஏடுகள், கட்சி கோட்டையில் ஏறியதும் மந்திரிமார் மாலை சூட்டிக்கொள்ளும் படங்களால் நிறைந்துபோனதைத் தமிழகத்தில் கண்டோம். கட்சி படியளந்தாலும் கணக்கு அதுவே.

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுக்குப் பின் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட ஊர்ப் பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டன. அவ்வூர்களில் நகராட்சிக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று எழுத ஓர் ஆள் இல்லை. நம் பக்கத்து நிலை இதைவிட மேலானதா? 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குப் பின் நம்மைப்பற்றி வெளியார் எழுதிய கட்டுரைகளைப் பாருங்கள். குட்டி இங்கிலாந்து, வெள்ளையர் பங்களா, நடன மண்டபம், கோல்ப் மைதானம், இப்பொழுது பாழடைந்த ஊர் என்று ஒரே வாய்பாடு. பங்களா துரைகளுக்கு நினைவேக்கம் எழுதக் கிடைக்கும் இடம், லயன் வீட்டில் நுரையீரல் கெட்டு இருமி மாண்டவனுக்குக் கிடைப்பதில்லை. 2018லும் 2022லும் நம் ஊரின் பெயரைத் தாங்கிக் கன்னடப் படங்கள் இரண்டு வந்து உலகெங்கும் ஓடின. அவற்றில் வரும் சுரங்கம் கற்பனை. அங்குள்ள மக்கள் தம்மை மீட்க ஒரு வீரன் வருவானென்று காத்துக்கிடக்கும் அடிமைகள். சங்கம் வைத்து, பத்திரிகை நடத்தி, வேலைநிறுத்தம் செய்த தங்கவயல் அதில் இல்லை. 2024இல் வந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' வட ஆர்க்காட்டிலிருந்து வந்த நம் முன்னோரைத் திரையில் நிறுத்தியது. கதைப்போக்கைப் பற்றி நம் வீடுகளில் கருத்து வேறுபாடு உண்டெனினும், அந்த ஒன்றுக்கு நன்றி சொல்லலாம்.

பேத்தமங்களாவின் நிலை இன்னும் வேடிக்கை. பாலாற்றை இங்கே தேக்கி, சுரங்கங்களுக்கும் லயன்களுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் அனுப்பினார்கள். ஏரி வற்றினாலும் நிரம்பினாலும், குழாய் உடைந்தாலும், அதனை எழுத இன்று நமக்கென்று ஒரு தமிழ் ஏடு இல்லை. 2008க்கு முன் தனிச் சட்டமன்றத் தொகுதியாக இருந்த ஊர், இப்பொழுது அதுவும் இல்லை. காலையில் பெங்களூர் ரயிலில் ஏறும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் இலவசமாகச் செய்தி படிக்கிறார்கள். இலவசம் என்பது அவர்கள் எண்ணம். விளம்பரக்காரர் படியளக்கிறார்; எந்தச் செய்தி மேலே வரவேண்டும் என்பதை அவருக்கு உகந்தபடி எங்கோ ஒரு கம்பெனி தீர்மானிக்கிறது. ஒரு பைசா கொடுத்த பாட்டனார் அந்தப் பத்திரிகையின் எசமானர். ஒன்றும் கொடுக்காத பேரன் யாருடைய சரக்கு என்பதை அவனே ரயிலில் யோசித்துப் பார்க்கட்டும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். அயோத்திதாசரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999ஆம் ஆண்டு பாளையங்கோட்டையிலிருந்து வெளியிட முடிந்தது, பழைய 'தமிழன்' இதழ்களைச் சில அன்பர்கள் தங்கள் வீடுகளில் காத்து வைத்திருந்தமையால்தான். சுரங்கம் மூடிய பின் லயன் வீட்டைக் காலி செய்து வந்த குடும்பங்கள் பலவற்றில் பாட்டனாரின் ட்ரங்குப் பெட்டிகள் இன்னும் திறக்கப்படாமல் கிடக்கின்றன. பழைய இதழ், சந்தா ரசீது, சங்க நோட்டீசு, வேலைநிறுத்தத் துண்டறிக்கை, கூலிச் சீட்டு எதுவாயினும், கறையான் அரித்ததாயினும், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால் படமெடுத்துக்கொண்டு அப்பொழுதே திருப்பித் தந்துவிடுவோம். கிடைப்பவற்றை வரும் இதழ்களில் ஒவ்வொன்றாக வெளியிட எண்ணியுள்ளோம்.